தெருவில் வந்து நின்ற சோபா

“அக்கா, அந்த வண்டிக்கு நம்மளத் தெரியுமா?”

ஒருநாள் காலையில் தம்பி இப்படிக் கேட்டான். கேட்கும்போது அவன் அக்காவின் முதுகில் இருந்தான். அவன் கை அவள் கழுத்தைச் சுற்றி இருந்தது. அவனுடைய பை அவள் வயிற்றுப் பக்கம் தொங்கியது. அவளுடைய பை எங்கே தொங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

“தெரியும்டா. கழுத்தை விடு, மூச்சு முட்டுது.”

“தெரிஞ்சா ஏன் நிக்காம போகுது?”

ஒரு லாரி போனது. அதன் பின்னால் ஒரு கார். காரின் பின்னால், எங்கேயோ தீப்பிடித்துக்கொண்டது போல ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டு பேரின் தலைமுடியும் ஒரே பக்கமாகப் பறந்து, திரும்ப வந்து கண்ணில் விழுந்தது.

“இப்ப போலாமா?”

“இரு.”

“இப்ப?”

“இருடா.”

“இப்ப?”

“பொத்தான், இன்னொரு தடவை கேட்டா இங்கயே இறக்கி விட்டுருவேன்.”

பொத்தான் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடுவது அபூர்வம். தூக்கத்தில்கூட யாருடனாவது வழக்கடித்துக்கொண்டிருப்பான். ‘இறக்கி விடுவேன்’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் அவன் அடங்குவான்.

அவர்களுடைய அப்பா பழைய சோபாக்களைப் பிரித்து, புதுசாகத் தைத்துக் கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே எப்போதும் ஸ்பாஞ்சு, ஸ்பிரிங், ஆணி, பசை வாசனை. மகள் ஒல்லியாக, நெட்டையாக, விறுவிறுவென்று எல்லா இடத்திலும் புகுந்து புறப்பட்டதால் அவளுக்கு ஊசி என்று பெயர் வந்தது. தம்பி குட்டையாக, உருண்டையாக, எப்போது பார்த்தாலும் சோபாவுக்கு அடியில் தொலைந்துபோய்க் கிடந்ததால் பொத்தான்.

அந்தத் தெரு முன்பு இப்படி இல்லை. குண்டும் குழியுமாகக் குறுகிக் கிடந்தது. அதில் வரும் காரோடு கூடவே நடந்து, டிரைவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம். தெருக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். “ரோடு பெருசா இருந்தாத்தான் வண்டி வரும், வண்டி வந்தாத்தான் கடைக்கு ஆள் வரும்,” என்றார். அகலமான ரோடு வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். அதற்காகத் தங்கள் வீட்டுப் படிகளைக்கூடத் தாங்களே இடித்துக் கொடுத்தார்கள்.

ரோடு வந்தது. கறுப்பாக, வழவழவென்று, கோடு போட்டது போல நேராக வந்தது. வண்டிகளும் வந்தன. ஆனால் ஒன்றும் கடைக்கு வரவில்லை. வந்த வேகத்தில் அப்படியே போய்விட்டன.

ஒரு சாயங்காலம் ஒரு வேன் பொத்தானின் பையை உரசிக்கொண்டு போனது. அவன் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அவனுடைய தண்ணீர் பாட்டில் தட்டையாகிக் கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவன் கால் ரோட்டில் இறங்கவில்லை. “நான் வரேன்னுதான் சொல்றேன். கால்தான் வரமாட்டேங்குது,” என்பான்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடப் பொழுது விடியும் முன்பே போய்விடுவாள். அப்பாவுக்குச் சோபா தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஊசியின் முதுகு. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் அக்கரை, சாயங்காலம் இக்கரை. பள்ளிக்கூடத்தில் அவள் முதல் பாடத்தை எப்போதும் பாதியிலிருந்துதான் கேட்டாள். கேட்கும்போதே தூங்கியும் விழுந்தாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்:

“இவளால இனிமே முடியாதுங்க. தோள்பட்டையப் பாருங்க. பொத்தானை என் தங்கச்சி வீட்டுல விட்டுரலாம். அங்க பள்ளிக்கூடம் வீட்டு வரிசையிலேயே இருக்கு. தெருவே தாண்ட வேணாம்.”

“சித்தி ஊரா? அது பஸ்ல தூங்கி எந்திரிச்சாலும் வராதே!” என்றான் பொத்தான்.

அப்பா தட்டில் கோடு கிழித்தபடி இருந்தார். “வர்ற லீவு முடியட்டும். அப்பவும் இவன் கால் இறங்கலேன்னா, சித்தி வீடுதான்.”

ஊசிக்கு முதுகு வலித்தது உண்மைதான். ஆனால் பொத்தான் இல்லாத வீட்டை நினைத்ததும் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் வலிக்கல,” என்றாள். யாரும் நம்பவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குப் போக்குவரத்துப் போலீஸ் அக்கா வந்தார். வெள்ளைத் தொப்பி, விசில், அபராதச் சீட்டு போடும் சின்ன மெஷின். அவர் வந்து நின்றதும் வண்டிகள் எல்லாம் ஆமை வேகத்துக்கு இறங்கின. ஊசி, பொத்தானை முதுகில் ஏற்றிக்கொண்டு நிதானமாகத் தாண்டினாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலைத் தூக்கிப் பிசைந்துகொண்டிருந்தார்.

“கால் வலிக்குதா, போலீஸ் அக்கா?” என்றாள் ஊசி.

“வலியா? அது என் கால்தானான்னே சந்தேகமா இருக்கு. நான் நிக்கிற வரைக்கும் எல்லாரும் நல்ல பிள்ளைங்க. நான் அந்தத் திருப்பம் தாண்டினதும் பாரு, ராக்கெட்டுதான். எதிர்ல வர்றவனுக்கு லைட்டை வேற மினுக்கிச் சொல்லிக்கிறாங்க, ‘அந்தம்மா நிக்குது, பாத்துப் போ’ன்னு. நான் ஒருத்தி எத்தனை தெருவுல நிக்கிறது?”

ஊசி உள்ளே ஓடினாள். உட்கார நல்ல நாற்காலி ஒன்றுகூடப் பட்டறையில் இல்லை. ஒன்றுக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு முதுகு இல்லை. ஒரு விடுதியிலிருந்து வந்த பெரிய சோபா மட்டும் இருந்தது. அது வாசலில் நுழையாததால், அப்பா அதை வெளியே சுவரோரமாக வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அன்று அதில் ஸ்பாஞ்சு ஒட்டி, பசை காய விட்டிருந்தார்.

“அப்பா, இதைக் கொஞ்சம் ரோட்டோரமா நகர்த்தலாமா? போலீஸ் அக்கா உட்காரட்டும். வெளிக்காத்துல பசையும் சீக்கிரம் காயும்.”

“பசை காயறதுக்கு நீ எப்ப இருந்துடி கவலைப்பட ஆரம்பிச்சே?” என்றார் அப்பா. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, சோபாவை ரோட்டின் ஓரத்தில் இறக்கி வைத்தார். யாரும் இடித்துவிடாதபடி அதன் மூலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்.

போலீஸ் அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ஸ்பாஞ்சு இன்னும் ஒட்டவில்லை. ஸ்பிரிங் அவரை ஒரு சாண் மேலே தூக்கிப் போட்டது. தொப்பி பொத்தானின் மடியில் வந்து விழுந்தது.

“குதிரையா இது, சோபாவா?” என்றார். பொத்தான் விழுந்து விழுந்து சிரித்தான். பல நாளுக்குப் பிறகு ரோட்டோரத்தில் அவன் சிரித்தது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வேறு தெருவுக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் எங்கேயோ போய்விட்டார். அப்பா மட்டும் தனியாக அதைத் தூக்க முடியாது. சோபா அங்கேயே கிடந்தது.

ஊசி வாசலில் சோர்ந்து உட்கார்ந்தாள். இனி ராக்கெட்டுகள் வரும் என்று காத்திருந்தாள்.

ஒரு கார் வந்தது. சோபாவைக் கண்டதும் மூக்கைச் சுருக்கியது போல வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, மெல்லப் போனது. ஒரு வேன் வந்தது. அதுவும் அப்படியே. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் காலை ரோட்டில் ஊன்றியே தாண்டினார்.

“போலீஸ் அக்கா எங்க ஒளிஞ்சிருக்காங்க?” என்று பொத்தான் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

“யாரும் இல்லடா. சோபாதான்.”

ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டிக்காரர்களுக்குத் தன்னையும் தம்பியையும் தெரியவில்லை. ஆனால் தங்கள் வண்டியின் பெயின்ட் உரசிவிடும் என்பது நன்றாகத் தெரிகிறது. ரோடு அந்த இடத்தில் ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தில் அவர்களால் பறக்க முடியவில்லை.

இருட்டும் முன் அப்பா ஆள் பிடித்துச் சோபாவைத் திரும்பச் சுவரோரம் தள்ளினார். அடுத்த நிமிஷமே ஒரு லாரி கதவெல்லாம் அதிரும்படி போனது.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் ஊசி கெஞ்சிக் கெஞ்சிச் சோபாவை மறுபடி ஓரத்தில் வைக்கச் சொன்னாள். அன்றும் வண்டிகள் மெதுவாகவே போயின. அவள் கண்டுபிடித்தது சரிதான் என்று மகிழ்ந்திருந்தபோது, எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏய்! ரோடு என்ன உங்க அப்பா பட்டறையா? கஷ்டப்பட்டு வாங்கின ரோட்டுல சோபா போட்டு வெச்சிருக்கீங்க?”

மருந்துக்கடைக்காரர்தான். ஒரு பஸ் நடுவில் போனதால் மிச்சம் கேட்கவில்லை. அவர் கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. நேரில் வந்தே சண்டை போடுவது என்று முடிவு செய்து ரோட்டில் ஒரு காலை வைத்தார். ஒரு கார் சீறியது. காலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னும் பின்னும் ஆடுவது, நடனம் பழகுகிற மாதிரி இருந்தது. அவர் சோபாவுக்கு நேராக வந்திருந்தால் சுலபமாகத் தாண்டியிருக்கலாம். கோபத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

பொத்தான் சிரிக்கப் போனான். ஊசி அவன் வாயைப் பொத்தினாள்.

பிறகு அவள் சோபா இருந்த இடத்தில் ரோட்டைத் தாண்டி, அவரிடம் போய்க் கையை நீட்டினாள். பழக்கம்தான். ரோட்டோரத்தில் யார் தவித்து நின்றாலும் அவள் கை தானாக நீளும்.

“வாங்க மாமா. இப்படி வாங்க, இங்க மெதுவாத்தான் வருவாங்க.”

மருந்துக்கடைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். வந்ததும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அது தூக்கிப் போட்டது. அவர் அதற்குக்கூடக் கோபப்படவில்லை. மூச்சு வாங்கியது.

“நான் எதுக்கு வந்தேன்?” என்றார்.

“சண்டை போட,” என்றான் பொத்தான் உதவியாக.

“ஆமா. சண்டை.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அப்புறம் போடறேன். கொஞ்சம் தண்ணி குடு பாப்பா.”

தண்ணீர் குடித்துவிட்டு நெடுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் சோபாவிடம் வரும்போது அடங்கி, தாண்டியதும் சீறுவதைப் பார்த்தார்.

“இந்த ரோடு வந்ததுல இருந்து உங்க வரிசையில ஒருத்தரும் என் கடைக்கு மருந்து வாங்க வர்றதில்ல, தெரியுமா? எல்லாரும் சுத்திக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போறாங்க,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, சோபாவுக்கு நேராக, யார் கையும் பிடிக்காமல் அக்கரைக்கு நடந்து போனார்.

அன்று சாயங்காலம் போலீஸ் அக்கா மறுபடி வந்தார். வந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“நேத்து கால் வலியில உட்கார்ந்துட்டேன். நியாயமாப் பார்த்தா உங்க அப்பாவுக்குத்தான் முதல் அபராதம் போடணும். ரோட்டுல சாமான் வைக்கக் கூடாது. இருட்டுல ஒருத்தன் வந்து மோதினா என்ன ஆகும்?”

ஊசிக்கு முகம் வாடிப்போனது. அதை அவள் யோசிக்கவில்லை.

“எடுத்துடறோம் அக்கா. ஆனா ஒரே ஒரு தடவை, அந்தத் திருப்பத்துல மறைஞ்சு நின்னு பாருங்களேன். உங்களப் பாக்காமலே அவங்க மெதுவாப் போறாங்க.”

போலீஸ் அக்கா திருப்பத்துக்குப் போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“சோபாவ எடுத்துருங்க,” என்றார். பிறகு சொன்னார்: “நான் ரோடு ஆபீசுக்குப் போய் இன்ஜினியர கூட்டிட்டு வரேன்.”

இன்ஜினியர் வந்தார். வெயிலில் பல தெரு அலைந்துவிட்டு வந்தவர் போல இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஊசி சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“ஆமாம்மா. அகலமா, நேரா ரோடு கிடந்தா, ஓட்டுறவங்க கால் தானா அழுத்தும். ‘மெதுவாகச் செல்லவும்’னு போர்டு வெச்சாலும் கால் படிக்காது. தாண்டுற இடத்துல ரெண்டு பக்கமும் நடைபாதைய முன்னாடி இழுத்து, நடுவுல ரோட்ட மேடாக்கலாம்னு அப்பவே வரைஞ்சு வெச்சேன். இந்தத் தெருவுல யாரும் ஒத்துக்கல. அகலமாத்தான் வேணும்னாங்க. அதுலயும் அந்த மருந்துக்கடைக்காரர்—”

“யாரு, நானா?” என்று பின்னால் குரல் கேட்டது. மருந்துக்கடைக்காரர் இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார். எப்படியோ தாண்டிவிட்டார். முகம் இன்னும் வெளிறிக் கிடந்தது.

“அது அப்ப சொன்னது சார். இப்ப சொல்றேன், என் கடை வாசல்லயே ரோட்ட ஒடுக்குங்க. வண்டி நிறுத்த இடம் போனாப் போகுது. ஆள் நடந்து வந்தாப் போதும். மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். பேச்சுதான் எனக்கு வருமே!”

அதன்பிறகு வேலை உடனே நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவர் வந்து ரோட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டார். மழை அதை அழித்தது. இன்னொருவர் வந்து போட்டார். கல் வந்தது, மணல் வரவில்லை. மணல் வந்தபோது ஆள் வரவில்லை. ஊசி பொத்தானைத் தூக்கிக்கொண்டு கல்லையும் மணலையும் சுற்றிச் சுற்றி நடந்தாள். லீவு விட்ட அன்று, அம்மாடி என்று படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள்.

லீவில்தான் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் நடைபாதை ரோட்டுக்குள் நீண்டு வந்திருந்தது. அதன் விளிம்பில் சிமென்ட் தொட்டிகளில் செடி. இரண்டுக்கும் நடுவே, ரோட்டுக்கு மேலே, பாய் விரித்தது போல மேடான நடைபாதை. ஒரு கம்பத்தில் கேமரா.

“இனிமே வேகமா வந்தா இது படம் பிடிச்சு, வீட்டுக்கே அபராதம் அனுப்பிடும். முக்கியமா, இதுக்குக் கால் வலிக்காது,” என்றார் போலீஸ் அக்கா. கம்பத்தை ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

வண்டிகள் மேட்டிடம் வந்ததும் அடங்கின. சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் ஹாரனை விடாமல் அடித்தார். ஆனாலும் மெதுவாகத்தான் போனார். எதிர்வரிசையிலிருந்தும் இந்த வரிசையிலிருந்தும் ஆட்கள் தாண்ட ஆரம்பித்தார்கள்.

பொத்தான் மட்டும் தாண்டவில்லை.

லீவின் கடைசி நாளில் ஊசி அவனை அங்கே கூட்டிப்போனாள். அவன் செடியைத் தொட்டான். கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஏன், எதற்கு, யார் செய்தது என்று கேள்வியாகக் கேட்டான். மேட்டில் கால் வை என்றதும் பின்னால் போய் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

“கால் வரமாட்டேங்குது அக்கா.”

“சரி. வா, வீட்டுக்குப் போலாம்.”

அன்றிரவு அம்மா அவனுடைய துணிகளை மடித்தாள். சட்டைகளை ஒரு பையில் வைத்து மூடி, கதவருகே நிறுத்தினாள். “நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம். முடியலேன்னா மறுநாள் சித்தி வந்து கூட்டிட்டுப் போகட்டும்,” என்றார் அப்பா. பொத்தான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

காலையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். மேட்டின் முனையில் வந்து நின்றார்கள். ஊசிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சொல்லிப் பார்க்கவும், கெஞ்சிப் பார்க்கவும் அவளிடம் தெம்பு இல்லை. வழக்கம்போலத் திரும்பி, முழங்காலை மடக்கி, முதுகைக் காட்டினாள்.

“ஏறு.”

முதுகில் கனம் வரவில்லை.

“ஏறுடா, நேரமாச்சு.”

கழுத்தைச் சுற்றிக் கையும் வரவில்லை. பக்கத்தில் எங்கேயோ ஒரு வண்டி மெதுவாக வந்து நின்றது. ஊசி திரும்பிப் பார்த்தாள்.

பொத்தான் மேட்டின் நடுவில் இருந்தான். பை ஒவ்வொரு அடிக்கும் முதுகில் குதித்தது. அவனுக்கு நேரே ஒரு வேன் நின்றிருந்தது. அவன் நின்று, வேனுக்குள் எட்டிப் பார்த்தான். டிரைவரும் அவனைப் பார்த்தார். ‘போ’ என்பது போல் கையைக் காட்டினார்.

அவன் போனான். அக்கரையில் ஏறினான். மருந்துக்கடைக்காரர் கைதட்டியதைக்கூட அவன் பார்க்கவில்லை. ஊசி இன்னும் முழங்காலை நிமிர்த்தவில்லை.

வாய் ஓயாத பொத்தான், திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், பள்ளிக்கூட வாசலுக்குள் போய்விட்டான்.